மணி அடிக்காத லைன்

ஜனவரி 8

என் குட்டிக்கு,

அம்மா எழுதறேன். நான் சௌக்கியம், இடுப்பு சௌக்கியம், இடுப்புக்குள்ள டாக்டர் வச்ச இரும்பும் சௌக்கியம். நீ நேரத்துக்குச் சாப்பிடறியா? ஊர்ல இருக்கற பெரியவங்களுக்கெல்லாம் ஊட்டிவிட்டுட்டு வந்து பார்த்தா உன் சோறு ஆறிக் கிடக்குமே, அதான் கேட்டேன்.

முதல்ல ஒண்ணு. இனிமே எனக்குப் போன் பண்ணாதே. போனைக் காதுகிட்ட கொண்டுபோனா காது மிஷின் விசில் அடிக்குது. நீ 'அம்மா'ங்கறே, அது 'கீ'ங்குது, நான் 'யாரு செத்துட்டாங்க'ங்கறேன். ஆயுசு பூரா டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைச்சுவிட்டவளுக்கு வந்த கதியைப் பாரு! எனக்குச் சிரிப்புதான் வருது. கடிதம் போடு. கண்ணு இன்னும் என் பேச்சைக் கேட்குது.

இந்த முதியோர் இல்லம் எப்படி இருக்குன்னு கேட்டியே. அறையில ரெண்டு கட்டில். ஜன்னல் பக்கம் எனக்கு, கூடவே ஒரு பூச்செடித் தொட்டியும். பக்கத்துக் கட்டில்காரிக்குப் பல்லழகின்னு பேர் வச்சிருக்கேன். பல்செட்டைக் கழட்டி எங்கயாவது வச்சிட்டு வீட்டையே புரட்டுவா. நேத்து என் செருப்புக்குள்ள இருந்துச்சு. காலை விட்டவ நானு! எங்களைக் கவனிச்சுக்கற பொண்ணு பேரு சூறாவளி. அதுவும் நான் வச்சதுதான். தங்கமான பொண்ணு, ஆனா நடக்கவே தெரியாது, ஓட்டம்தான்.

கதவைத் திறந்தா எதிர்ல நர்ஸ் மேஜை. அதுக்கு மேல ஒரு பலகை. யார் கட்டில்ல மணி அமுக்கினாலும் அங்க அவங்க நம்பர்ல சிவப்பு விளக்கு எரியும். பார்த்ததும் என் பழைய சீட்டுக்கே வந்துட்ட மாதிரி ஆயிடுச்சு. எக்ஸ்சேஞ்சுலயும் யாராவது கூப்பிட்டா அவங்க லைன்ல இப்படித்தான் விளக்கு எரியும். காலையில எல்லா விளக்கும் ஒண்ணா எரியறப்ப சூறாவளி முகத்தைப் பார்க்கணுமே, பாவம். என் விளக்கு மட்டும் இதுவரைக்கும் எரிஞ்சதே இல்லை. பெருமையாவே சொல்லிக்கறேன்.

மழையில நனையாதே.
உன் அம்மா


ஜனவரி 21

அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படிச்சு நான் சிரிச்ச சிரிப்புல கூட வேலை பார்க்கறவங்க எல்லாம் எட்டிப் பார்த்தாங்க. செருப்புக்குள்ள பல்லா! நான் நல்லா இருக்கேன். சோறு ஆறித்தான் போகுது. சூடு பண்ணிச் சாப்பிடறேன், நம்பு.

ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். இங்க யாரோ ஒரு அம்மாவுக்குத் தலை வாரிவிடறப்ப, அங்க உனக்கு யார் வாரிவிடுவாங்கன்னு தோணுது. கை அப்படியே நின்னுடுது. நீதான் இல்லத்துக்குப் போறேன்னு ஒத்தைக் கால்ல நின்னே. ஆனாலும் தோணுது.

சரி, அழுமூஞ்சிக் கதை போதும். எங்க இல்லத்துல இருக்கற தச்சர் ஐயாவைப் பத்திக் கேளு. ஆறடி ஆளு. மரவேலை பண்ணின கை, இரும்பு மாதிரி. ஞாபகம் அங்கங்க விட்டுப்போகும். மத்த நேரமெல்லாம் பச்சைப் புள்ள, குளிப்பாட்டப் போனா மட்டும் புலி. நேத்து என் கையில கீறல், முந்தாநாள் சட்டைப் பொத்தான் காலி. வேற யாரும் அவர்கிட்ட போக மாட்டேங்கறாங்க. என்னம்மா பண்றது?

நீ தண்ணி ஒழுங்காக் குடிக்கறியா? வயசானா தாகம் தெரியாது. தெரியற வரைக்கும் காத்திருக்காதே.

உன் குட்டி


பிப்ரவரி 3

குட்டிக்கு,

கீறல் ஆறிடுச்சா? மருந்து போட்டியா? நீ போட மாட்டே, எனக்குத் தெரியும். போய் போட்டுட்டு வந்து மீதியைப் படி.

போட்டாச்சா? உங்க தச்சரைப் பத்தி நீ என்கிட்ட கேட்டதுதான் நல்லதாப் போச்சு. ஏன்னா நான் அந்தப் பக்கத்து ஆளு. போன வாரம் நான் சக்கர நாற்காலியில உட்கார்ந்து தேமேன்னு ஜன்னலைப் பார்த்துட்டு இருந்தேன். சூறாவளி பின்னாலேர்ந்து வந்து விர்ருனு தள்ளிட்டா. 'குளிக்கப் போலாம்மா'ன்னு சொன்னாளாம். எனக்கு எங்க கேட்டுது? உயிர் போய் உயிர் வந்துச்சு. கையில என்ன இருந்துச்சோ வீசிட்டேன். நல்லவேளை, பஞ்சுத் தலகாணி.

யோசிச்சுப் பாரு. உன்னை ஒருத்தர் திடீர்னு வந்து துணியை அவுத்தா நீ கும்பிடவா போவே? முன்னால போய் நில்லு. அவர் கண்ணைப் பார்த்து, என்ன பண்ணப் போறேன்னு முதல்ல சொல்லு. சொல்லிட்டு நில்லு, காதுல விழுந்தது மண்டைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். தோள்ல ஒரு துண்டைப் போட்டு மூடி வை. குளிர் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம்டி. தண்ணிக் குழாயை அவர் கையிலயே குடு. ஆயுசு பூரா வேலை செஞ்ச கையைச் சும்மா தொங்கவிட்டா அது அடிக்கத்தான் செய்யும்.

பல்லழகி உன்னை விசாரிச்சதா எழுதச் சொல்றா. இன்னைக்குப் பல் பிஸ்கட் டப்பாவுல. ஜன்னல் செடி மட்டும் ஏன்னு தெரியலை, இலை பழுத்துட்டு வருது.

அம்மா


பிப்ரவரி 17

அம்மா!

உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்! முன்னால போய் நின்னேன். சொன்னேன். காத்திருந்தேன், அடேங்கப்பா, எவ்வளவு நேரம்! அப்புறம் 'ம்'னு தலையை ஆட்டினார். குழாயைக் கையில குடுத்தேன். முதல் காரியமா என்னைத்தான் குளிப்பாட்டினார். தலையிலேர்ந்து கால் வரைக்கும். அப்புறம் தானே குளிச்சார். முதுகு மட்டும்தான் நான் தேய்ச்சேன். வெளியே வந்ததும் குளியலறைக் கதவை ஆட்டிப் பார்த்து, 'கீல் தொங்குது, எவன் மாட்டினான்?'ன்னு கேட்டார். நிஜமாவே தொங்குதும்மா! இத்தனை நாளா நாங்க யாருமே கவனிக்கலை. இப்ப தினமும் கீலைப் பார்க்கப் போலாமான்னு கேட்டா போதும், துண்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடறார்.

அப்புறம், தண்ணி பத்திக் கேட்டதுக்கு நீ பதிலே எழுதலை. செடி பத்தி எழுதறே, பல்லு பத்தி எழுதறே. தண்ணி?

நனைஞ்சு காய்ஞ்ச உன் குட்டி


மார்ச் 2

குட்டிக்கு,

சௌக்கியம். நீயும் அப்படியே இருக்கணும்.

என்னைக் கேட்டுத்தான் தச்சரை வழிக்குக் கொண்டுவந்தேன்னு உங்க மேலதிகாரிகிட்ட சொன்னியா? சொல்லு. சம்பளம் வேண்டாம், புகழ் போதும்.

சூறாவளி நேத்து எல்லார் முன்னாலயும், 'இந்தம்மா மாதிரி தொந்தரவே இல்லாத ஆளை நான் பார்த்ததில்லை'ன்னு சொன்னா. எனக்குத் தலைகால் புரியலை. ஒரு ஆபரேட்டர் கஷ்டம் இன்னொரு ஆபரேட்டருக்குத்தானே தெரியும்?

செடி செத்தேபோச்சு. மத்தியானமெல்லாம் ஒரே தூக்கமா வருது. வெயில் காரணமா இருக்கும். அதனால இதோட நிறுத்திக்கறேன்.

அம்மா


மார்ச் 15

மகளே,

உன் அம்மாவோட பக்கத்துக் கட்டில்காரி எழுதறேன். எனக்கு என்ன பேர் வச்சிருக்கான்னு எனக்கும் தெரியும். போகட்டும், அழகின்னுதானே சொல்றா.

உன் அம்மாவுக்கு மூணு நாளா புத்தி சரியில்லைம்மா. தனியா நடக்கக் கூடாத இடுப்போட, சுவரைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து எழுந்து போய் அந்த விளக்குப் பலகை முன்னால நிக்கறா. என்னைப் பார்த்து 'என்ன நம்பர் வேணும்'ங்கறா. வேளாவேளைக்குச் சாப்பாடு இறங்கலை. பெரிய சிஸ்டர் வந்து பார்த்துட்டு, மறதி நோய் முத்திடுச்சு, திங்கட்கிழமை மேல் மாடிக்கு மாத்திடலாம்னு சொல்றாங்க. மேல் மாடிக் கதவு எப்பவும் பூட்டியே இருக்கும். அங்க ஆளுங்களை நல்லாத்தான் பார்த்துக்கறாங்க. ஆனா உன் அம்மா அங்க இருக்க வேண்டியவ இல்லை. எனக்கு அது தெரியும். சொன்னா யார் கேட்கறா? பல்லைத் தொலைச்ச கிழவின்னு சிரிக்கறாங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன். கோள் சொல்றதா நினைக்காதே. வர்ற டீ, தண்ணி எல்லாத்தையும் அவ அந்தச் செடிக்குத்தான் ஊத்திட்டு இருந்தா.

உனக்குன்னு அவ எழுதின தாளையும் உள்ள வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
பல்லழகி

(உள்ளே இருந்த தாள்)

லைன்ல இருங்க. இணைக்கறேன். போர்டு பூரா விளக்கு எரியுது, பக்கத்து சீட்டுக்காரி இன்னும் வரலை. குட்டி ஸ்கூல் விட்டு வந்து படியில உட்கார்ந்திருக்கும். சாவி என்கிட்ட இருக்கு. யாராவது வீட்டுக்கு ஒரு லைன் குடுங்க. குட்டிக்கு ஒரு லைன் குடுங்க.


மார்ச் 17

பல்லழகி அம்மாவுக்கு,

உங்களை எப்படி அழைக்கறதுன்னு தெரியலை, அதனால அம்மான்னே கூப்பிடறேன். நீங்க எழுதினது கோள் இல்லை. நீங்க எழுதலைன்னா எனக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது.

கடிதம் கைக்கு வந்த நிமிஷமே பெரிய சிஸ்டருக்குப் போன் பண்ணினேன். அழுதுட்டேதான் பேசினேன், ஆனா பேசிட்டேன். 'சிஸ்டர், மறதி மெல்ல மெல்லத்தான் வரும். ரெண்டு வாரம் முன்னால என்னைக் கிண்டல் பண்ணி எழுதினவங்க மூணு நாள்ல இப்படி ஆனா அது மறதி இல்லை. உடம்புக்குள்ள ஏதோ நடக்குது. தண்ணி குடிக்காம இருந்திருக்காங்க. சிறுநீரைப் பரிசோதனை பண்ணுங்க'ன்னேன். அவங்க, 'எங்களுக்குத் தோணியிருக்கணும்மா. இன்னைக்கே பார்க்கறேன்'னாங்க. சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டாங்க. சிறுநீர்ல கிருமி, உடம்புல தண்ணியே இல்லையாம். மருந்து ஆரம்பிச்சாச்சு. மாடிக்கு மாத்தறதைத் தள்ளி வச்சிருக்காங்க. ஆனா தெளியலைன்னா மாத்தித்தான் ஆகணும்னும் சொல்லிட்டாங்க.

நான் பறந்து வந்திருப்பேன். ஆனா எங்க இல்லத்துல வயித்துப்போக்கு பரவிடுச்சு. இங்கேர்ந்து யாரும் வேற இல்லத்துக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது. வந்தா உங்க எல்லாருக்கும் சேர்த்துக் கொண்டுவந்துடுவேன். பெத்த தாயைப் பார்க்கப் போகாம இருக்கறதுதான் இப்ப நான் அவங்களுக்குச் செய்யற உபகாரம்.

உங்களால முடிஞ்சா ஒண்ணு செய்யுங்க. அம்மா கண்ணாடியையும் காது மிஷினையும் போட்டிருக்காங்களான்னு பாருங்க. அது இல்லன்னா குழப்பம் இன்னும் கூடும். அவங்க 'என்ன நம்பர்'னு கேட்டா சண்டை போடாதீங்க. ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லிட்டு, அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு பேருமா ஒவ்வொரு வாய் தண்ணி குடிங்க. நீங்க குடிச்சா அவங்களும் குடிப்பாங்க. போட்டின்னா விடமாட்டாங்க.

உங்க இன்னொரு மக


ஏப்ரல் 4

அடியே குட்டி,

நான்தான். முழுசா நான்தான். இன்னைக்கு என்ன கிழமை, யார் ஆட்சி, என்ன குழம்பு, எல்லாம் சரியாச் சொல்லி டாக்டரையே ஓட ஓட விரட்டிட்டேன். மேல் மாடிப் பேச்சு செத்துப்போச்சு. செடி போன வழியிலயே.

என்னைப் பத்தி என்னென்னமோ சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை. ஒண்ணு மட்டும் இருக்கு. நீ எங்கயோ படியில உட்கார்ந்திருக்கே, சாவி என் கையில இருக்கு, வர முடியலை. அதை நினைச்சு இப்பவும் மனசு பதறுது. நீ உள்ளதானே இருக்கே? சாப்பிட்டியா?

பல்லழகி என்னைக் குடிக்க வச்சே கொன்னுட்டா. டம்ளரைத் தூக்கி 'யார் முதல்ல'ங்கறா. பல்லில்லாத வாயோட என்னை ஜெயிக்கறாளே! விடுவேனா?

நீ கேட்பே, அதனால நானே சொல்லிடறேன். தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். இந்த இடுப்போட தனியாப் போக முடியாது. மணி அடிக்கணும். அங்க அந்தப் பொண்ணு ஒருத்தி, போர்டு பூரா விளக்கு. அதுல நானும் ஒரு விளக்கா எரியணுமா? மணி அடிக்கறவ இல்லடி நான், மணிக்குப் பதில் சொல்றவ. டீயைச் செடிக்கு ஊத்தினேன். அவ்வளவுதான் கதை. திட்டறதா இருந்தா ஒரே தாள்ல திட்டி முடி.

அம்மா


ஏப்ரல் 12

அம்மா,

உன் 'அடியே' என் வயித்துல பாலை வார்த்துச்சு. உள்ளதான் இருக்கேன், சாப்பிட்டுட்டேன், சாவி என்கிட்டயே இருக்கு. கடிதத்தைத் தச்சர் ஐயாவுக்குப் படிச்சுக் காட்டினேன். எதுக்கு அழறேன்னு புரியலை அவருக்கு, ஆனா தோள்ல ஒரு துண்டைப் போட்டுவிட்டார்.

திட்டப் போறதில்லை. ஒரே ஒரு கேள்வி. நீ எக்ஸ்சேஞ்சுல இருந்தப்ப ஒரு லைன்லேர்ந்து மாசக்கணக்கா ஒரு மணிகூட வரலைன்னா என்ன பண்ணுவீங்க? சின்ன வயசுல நீ சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. 'அப்பாடா, தொந்தரவில்லாத ஆளு'ன்னு விட்டுட மாட்டீங்க. லைன் பழுதுன்னு எழுதி ஆளை அனுப்புவீங்க.

உன் லைன் மூணு மாசமா பழுதும்மா. யாரும் ஆள் அனுப்பலை. ஏன்னா எல்லாரும் அதைப் பாராட்டிட்டு இருந்தாங்க. நானும்தான் எங்க இல்லத்துல மணியே அடிக்காதவங்களை நல்லவங்கன்னு சொல்லிட்டு இருந்தேன். உன் கடிதம் வந்த அன்னிக்கு அந்த அறைக்கெல்லாம் முதல்ல போனேன்.

ஒரு தடவை அமுக்கு. எனக்காக. சூறாவளி என்ன சொல்றான்னு எழுது.

குட்டி


ஏப்ரல் 25

குட்டிக்கு,

என்னையே என் வேலையை வச்சு மடக்கிட்டியே. பெத்தவளுக்குத் தப்பாம பொறந்திருக்கே.

அமுக்கினேன்! ஆனா அதுக்கு முதல்ல அந்தப் பட்டனைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்துச்சு. ஒயரோட கட்டிலுக்கு அடியில விழுந்து கிடந்துச்சு. பல்லழகி குனிஞ்சு எடுத்துக் குடுத்தா, அவ பல்லும் அங்கயேதான் இருந்துச்சு. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு அமுக்கினேன்.

அவ்வளவுதான், அமளிதுமளி! என் நம்பர்ல விளக்கு எரிஞ்சதை நான் இங்க வந்த நாளா யாரும் பார்த்ததில்லையே. சூறாவளி சறுக்கிக்கிட்டு வந்து நின்னா. பின்னாலயே பெரிய சிஸ்டர், ரத்த அழுத்த மிஷினோட. அதுக்கும் பின்னால சமையல்காரர், கையில கரண்டி. 'என்னாச்சு, என்னாச்சு?'ன்னு ஒரே சத்தம்.

'ஒண்ணுமில்லை, பாத்ரூம் போகணும்'னேன்.

சூறாவளி அப்படியே என் கட்டில்ல உட்கார்ந்துட்டா. சிரிக்கறா, அழறா, எனக்குப் புரியலை. அப்புறம் முன்னால வந்து நின்னு என் கண்ணைப் பார்த்துச் சொன்னா: 'நீங்க கூப்பிட்டா எனக்கு ஒரு வேலை. கூப்பிடாம படுத்த படுக்கையானீங்கன்னா நூறு வேலை. அதைவிட, உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்னை மன்னிச்சிருக்க மாட்டேன்மா.' அவ கன்னத்தைக் கிள்ளினேன். இப்ப டீ குடுத்துட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு நான் கூப்பிடறதுக்கு முன்னாலயே வந்து 'போலாமா?'ன்னு கேட்கறா. நடந்து வர்றாடி, ஓடலை!

பெரிய சிஸ்டரும் ஒண்ணு செஞ்சாங்க. சாயங்காலம் ஆள் மாறற நேரத்துல எல்லாரும் கூடி நின்னு, யாருக்கு என்னன்னு பேசிக்குவாங்க. அப்ப பலகையைப் பார்க்க ஆள் குறைச்சல். என் நாற்காலியை அங்க கொண்டுபோய்ப் போட்டு, 'விளக்கு எரிஞ்சா ஒரு குரல் குடுங்கம்மா'ன்னாங்க. குரலா? என் குரல் தெருமுனை வரைக்கும் கேட்குதாம். ரெண்டு நாளா அமுக்காதவங்க யாருன்னும் பார்த்துச் சொல்றேன். அதுதான் முக்கியம்னு அவங்களுக்கே சொல்லிக் குடுத்திருக்கேன்.

உங்க இல்லத்துல நோய் தீர்ந்துச்சா?

புதுச் செடி வச்சாச்சு. அதுக்குத் தண்ணி மட்டும்தான்.
அம்மா


மே 6

அம்மா,

தீர்ந்துடுச்சு! லீவும் கிடைச்சாச்சு. சனிக்கிழமை சாயங்காலம் அங்க இருப்பேன். வெறுங்கையோட வரலை. உன் பட்டன் கட்டிலுக்கு அடியில விழுந்த கதையைத் தச்சர் ஐயாகிட்ட சொன்னேன். ஒரு மரத்துண்டை எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டையாத் தேய்ச்சுக் குடுத்திருக்கார். ஒயர்ல கோத்துட்டா கைக்கு அடக்கமா இருக்கும், கட்டில் கம்பியில தடுத்து நிக்கும், கீழே விழாது. யாருக்குன்னு அவருக்கு அடிக்கடி மறந்துடுது. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே, 'என் அம்மாவுக்கு'ன்னு சொல்றேன்.

பல்லழகி அம்மாவுக்குப் பல்லு வைக்க மூடி போட்ட ஒரு டப்பா வாங்கியிருக்கேன். தொலைக்காம இருக்கணும், டப்பாவை.

குட்டி


மே 9

குட்டிக்கு,

இது உனக்கு முன்னால போய்ச் சேருமா, நீ கிளம்பின பிறகு சேருமா, தெரியலை. இருந்தாலும் எழுதறேன், கை சும்மா இருக்க மாட்டேங்குது.

தண்ணி பாட்டில் எடுத்துக்கோ. வண்டியில தூங்கிடாதே. இங்க எல்லாரும் உன்னைப் பார்க்கத் தயாரா இருக்காங்க. சூறாவளி என் தலையை நாலு தடவை வாரிவிட்டுட்டா. நீ கவலைப்பட்டியே, பார்த்துக்கோ.

நீ வர்ற நேரம் ஆள் மாறற நேரம். வாசல் கதவு சாத்தியிருக்கும். வலது பக்கம் ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்கினா பலகையில கடைசி விளக்கு எரியும். யாரையும் தொந்தரவு பண்றோமோன்னு தயங்கிக்கிட்டுப் படியில உட்கார்ந்துடாதே, கண்ணு.

அமுக்கு. இந்தப் பக்கம் நான்தான் இருப்பேன்.

அம்மா